மூன்றாவது பொட்டலம்

அன்று கோயிலில் அம்மாவும் நானும் பூசாரியும் இருந்தோம். அக்கா இல்லை. அம்மனிடம் உத்தரவு கேட்கப் போனதே, பேசி வைத்திருந்த அவள் கல்யாணத்துக்குத்தான். ஆனால் ஆர்.எஸ்.புரத்தில் அவள் வேலை பார்க்கும் புடவைக் கடையில் விடுப்புத் தரவில்லை.

எங்கள் குலதெய்வம் தொண்டாமுத்தூர்ப் பக்கம். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியே பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும்.

அம்மா எடுத்தாள். சிவப்பு. மறுபடியும் கேட்டாள். சிவப்பு.

"போதுமுங்க அம்மணி" என்றார் பூசாரி.

"இன்னொருக்கா மட்டும் கேட்டுக்கறனுங்க சாமி."

மூன்றாவது வெள்ளை. அம்மா அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். எனக்குள் ஏதோ திறந்தது. தெய்வம் மறுக்கவில்லை, அம்மாவின் பயம் அடங்கும்வரை காத்திருந்தது என்று தோன்றியது. அப்படியொரு நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

"தாலி ஏறுற வரைக்கும் உத்தரவு இந்த வாசலத் தாண்டப்படாதுங்க" என்றார் பூசாரி. அக்காவிடம் வெள்ளை வந்ததை மட்டும் சொல்வது என்று அம்மா முடிவு செய்தாள்.

போத்தனூருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே நான் எழுதிவிட்டேன். இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை, காத்திருக்கும் தெய்வம். பூவின் படத்தோடு முகநூலில் போட்டேன். என்னோடு படித்தவர்கள், "என்ன ஆழம்" என்றார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தச் சொல் இனித்தது.

மறுநாள் மாப்பிள்ளையின் மாமா கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, நல்லா எழுதறீங்க. ரெண்டு தடவ செவப்பு வந்தது எங்க பையனுக்குத்தானுங்களே?"

"மூணாவதா வெள்ளை வந்துச்சுங்க."

"நாலாவது கேட்டிருந்தா என்னங்க வந்திருக்கும்?"

அவரே தொடர்ந்தார்.

"மனசுக்குள்ள வெச்சுக்க வேண்டியதுங்க தம்பி. இப்ப எங்க சொந்தமெல்லாம் படிச்சுப்போட்டாங்க. பையனோட அம்மா பயப்படறாங்க. நாங்க வேற எடம் பாத்துக்கறமுங்க."

அக்கா, நான் எழுதியதைக் கடையிலேயே, யாரோ நீட்டிய செல்போனில் படித்திருந்தாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எத்தன லைக் வந்துச்சு கண்ணு?" என்று மட்டும் கேட்டாள்.

நான் எழுதியதை அழித்தேன். கோயிலில் எனக்குள் திறந்த ஏதோ ஒன்றும் அதோடு மூடிக்கொண்டது. இப்போது அம்மன் முன் நின்றால் அந்த நிம்மதி வருவதில்லை. நான் எழுதிய வாக்கியங்கள்தான் வருகின்றன. அம்மா விளக்கு ஏற்றுவதை விட்டுவிட்டாள். "நம்மளுக்கு மட்டும் சொன்னதுடா சாமி அது" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. அக்கா அதன்பின் எந்த வரனையும் பார்க்கச் சம்மதிக்கவில்லை.

தேதி கிடைக்காது என்று, அம்மனைக் கேட்கும் முன்பே கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம், அவள் புடவைக் கடையில் நாளெல்லாம் நின்று, சீட்டுப் போட்டுச் சேர்த்தது. திருப்பித் தர வழியில்லை என்றார்கள். நாற்பதாயிரம் ரூபாய்.