தே தாரிக் கடைக்காரரின் இடது கண்

ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் எனக்கு வேலை. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களின் கோப்பைப் படித்து, டாக்டர் எழுதியிருக்கும் நோய்க்கு உரிய குறியீட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும். "அப்ப நீங்களும் டாக்டர் மாதிரிதானா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இல்லை என்றதும் அவர்கள் முகம் வாடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒருநாள் வந்த கோப்பு ஒரு சாப்பாட்டுக் கடைக்காரருடையது. ஊரையும் வேறு சிலவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன், யாரும் தேடிப் போக வேண்டாம். முதல் தாளில் கருவிழிப் புண் என்று மட்டும் இருந்தது. அதற்கொரு குறியீட்டைப் போட்டுவிட்டுப் பசியாறப் போயிருக்கலாம். ஆனால் புண் ஒட்டுண்ணியால் வந்ததென்றால் எங்கள் வேலையில் குறியீடு இரண்டு. முதலில் அந்த உயிரிக்கு, அப்புறம்தான் கண்ணுக்கு. எதனால் வந்தது என்று தெரிய உள்ளே இருக்கும் தாள்களையெல்லாம் படித்தாக வேண்டும்.

படித்தேன். தண்ணீரில் வாழும் அமீபா. காண்டாக்ட் லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே புகுந்துகொண்டு கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற உயிர். தே தாரிக் என்கிற பால் தேநீரை உயரத் தூக்கி ஆற்றும்போது ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்குகிறதென்று மனிதர் லென்ஸுக்கு மாறியிருக்கிறார். லென்ஸ் மருந்து தீர்ந்த நாட்களில் கடைக்குப் பின்னாலிருந்த தொட்டித் தண்ணீரில் அலசியிருக்கிறார். வெளிச்சம் பட்டால் உயிர் போகிற வலி, சாதாரணக் கண்வலி என்று நாளைக் கடத்தியது, எல்லாவற்றையும் அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். டாக்டரும் பொறுமையாக, படிக்க முடிகிற கையெழுத்தில் எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்துக்கே ஒரு கும்பிடு போடலாம். இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. இரண்டு குறியீட்டையும் போட்டுக் கோப்பை மூடினேன்.

கொஞ்ச காலம் கழித்து என் தங்கைக்குக் கண் சிவந்தது. அவள் செமோர் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தில் அம்மாவோடு இருக்கிறாள். கல்யாணப் பெண்களை அலங்கரிப்பது அவள் பிழைப்பு, அவள் கண்ணிலும் எப்போதும் லென்ஸ். மற்றவர்களின் புருவத்தை ஒவ்வொரு முடியாகத் தீட்டுகிறவளுக்குக் கண் போனால் எல்லாமே போன மாதிரி. கிளினிக்கில் கொடுத்த சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை. பெரிய மருத்துவமனையில் வைரஸாக இருக்கலாம் என்று வேறு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போனபோது அவள் ஜன்னலைத் துணியால் மறைத்துவிட்டு முகத்தைக் கையில் புதைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்து, கண்ணைக் கழுவச் சொன்னார்.

"என்னம்மா தண்ணி இது?"

"மழத்தண்ணிதான். பின்னால டிரம்முல புடிச்சது. லயத்துல யாருக்குக் கண்ணு வலிச்சாலும் இதுலதானே கழுவுவோம்."

தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்தவர்களுக்கு வானத்திலிருந்து விழுகிற தண்ணீரைவிடச் சுத்தமானது கிடையாது. அது டிரம்மில் எத்தனை நாள் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. நானும் அதில் கண் கழுவி வளர்ந்தவள்தான்.

"லென்ஸயும் இதுலதான் அலசுவியா?" என்று தங்கையைக் கேட்டேன்.

"பைப்புல தண்ணி வராத அன்னிக்கு அலசுவேன். அதுக்கென்ன அக்கா?"

கிண்ணத்தை வாங்கித் தள்ளி வைத்தேன். "டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இத எதுக்கு சொல்றது லா? லென்ஸ் போடுவியான்னு கேட்டாங்க, போடுவேன்னு சொன்னேன். இது கண்ணு ஆறட்டும்னு கழுவுறது."

கத்தித் தீர்த்தேன். அம்மாவையும் விடவில்லை. ஆனால் கோப்பில் படித்தது கோப்போடு இருக்க வேண்டும். யாருக்கு, எங்கே என்று ஒரு வார்த்தையும் வாயிலிருந்து வரவில்லை. "காலையில நான் வாரேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம். இந்தத் தண்ணிய பத்தி ஒன்னு விடாம சொல்லணும்" என்றேன்.

சொன்னாள். கண் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். நல்லவேளை சொன்னீர்கள் என்று மலாயில் சொன்னவர், அன்றைக்கே கருவிழியை லேசாகச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதே அமீபாதான். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, பிறகு மாதக்கணக்கில் சிகிச்சை. அம்மா டிரம்மைக் கவிழ்த்துப் போட்டார். கடைசியில் தங்கையின் பார்வை பிழைத்தது. ஒரு சின்னத் தழும்பும் வெயிலில் கூச்சமும்தான் மிச்சம். டாக்டருக்கு வீட்டு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைக்காரரை நினைத்துப் பூஜையறையில் விளக்கேற்றினேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் தங்கையோடு துணைக்குப் போனேன். லகாட் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணை அலங்கரித்து மேடைக்கு அனுப்பிவிட்டுப் பசியோடு ஒரு கடையில் உட்கார்ந்தோம். தே கொண்டு வந்தவர் தங்கையின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து, "கண்ணுல என்ன தங்கச்சி?" என்று கேட்டார். அவளுக்கு வாய் சும்மா இருக்காது, லென்ஸ் கதையை ஆரம்பித்துவிட்டாள்.

"அட, எனக்கும் அதேதான் லா" என்றார் அவர். "ஆவியில கண்ணாடி மங்குதேன்னு லென்ஸ் போட்டேன். பின்னால தொட்டித் தண்ணியில கழுவுனேன். இந்தக் கண்ணு போச்சு."

அப்போதுதான் அவருடைய இடது கண்ணைப் பார்த்தேன். வெள்ளை படர்ந்திருந்தது. பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தேன்.

"எனக்குக் கண்ணு பொழச்சது எங்க அக்காவாலதான் அண்ணே" என்றாள் தங்கை. "தண்ணிய பத்தி டாக்டர்கிட்ட சொல்ல வச்சது அவங்கதான்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பொறாமையே இல்லாத சிரிப்பு. பிறகு தங்கையிடம் திரும்பினார். "நீ குடுத்து வச்சவ தங்கச்சி. எனக்கு அப்ப சொல்றதுக்கு ஆள் இல்லாம போச்சு."

அவளுக்குச் சொன்னதே நீங்கள்தான் அண்ணே என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தேயோடு சேர்த்து விழுங்கினேன்.