மஞ்சள் வைத்த கதவுச்சீலை

கடைகளில் ஒன்றுமே இல்லாத காலத்தில் எங்கள் அம்மா வாங்குவதற்கென்று அலைந்தார். கடைகள் நிரம்பி வழியத் தொடங்கியதும் வாங்குவதை நிறுத்திவிட்டார். திருகோணமலையில் இப்படித் தலைகீழாக நடந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், சங்கக்கடைக்குச் சீத்தைத்துணி வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், அம்மா அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டு வரிசைக்கு ஓடுவார். பிறகு ஆட்சி மாறியது. வெளிநாட்டுச் சாமான்கள் வந்து குவிந்தன. அம்மாவும் ஆசைதீர வாங்கினார். கண்ணாடிக் கோப்பைகள், பிளாஸ்டிக் பூக்கள், மூன்று பிளாஸ்குகள். ஒருநாள் அலுமாரிக் கதவு பூட்டுப்படவில்லை. முழங்காலால் தள்ளிப் பார்த்தார். முடியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திறந்து கிடந்த அலுமாரியை வெகுநேரம் பார்த்தார். மூன்று பிளாஸ்கில் இரண்டு பெட்டியை விட்டே வெளியில் வந்ததில்லை.

"இனி ஒரு வருசத்துக்குச் சாப்பாடு, மருந்து, பள்ளிக்கூடச் சாமான். வேற புதுசா ஒண்டும் இந்த வீட்டுக்குள்ள வராது" என்றார்.

"ஓம், பாப்பம்" என்று சொல்லிவிட்டு, துறைமுகத்தில் வேலை செய்த அப்பா பேப்பருக்குள் புகுந்துகொண்டார். பத்து நாள் தாங்காது என்பது அவருடைய நம்பிக்கை.

அம்மா தாங்கினார். அப்பாவின் சேர்ட் கொலர் நைந்தபோது அதைப் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைத்தார். பெட்டி பிரிக்காத பிளாஸ்குகள் இரண்டும் கல்யாண வீடுகளுக்குப் பரிசாகப் போயின. பக்கத்து வீட்டுக்காரர்கள் அம்மாவைக் கஞ்சப்பிசினாறி என்று கதைத்தார்கள். அது காதில் விழுந்தும் அவர் பாட்டுக்குத் தையல் மெசினை மிதித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. ஏனென்றால் தீபாவளி வந்துகொண்டிருந்தது.

தீபாவளிக்கு மூதூரிலிருந்து மாமா குடும்பம் குடாவைக் கடந்து லோஞ்சில் வரும். என்னைவிட ஒரு வயது மூத்த மச்சாள் புதுச்சட்டையோடு இறங்குவாள். புதுத்துணி என்றால் கழுத்தோரத்தில் ஈரமஞ்சள் தொட்டு வைத்துத்தான் போடுவோம். கோயிலில் பிள்ளைகள் ஒருவர் கழுத்தை ஒருவர் எட்டிப் பார்ப்போம். மஞ்சள் இல்லாவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

நூல் வாங்கப் போன அம்மாவோடு துணிக்கடைக்குப் போய், அங்கேயே நின்று அழுதேன். கடைக்கார நானாவுக்கே மனம் பொறுக்கவில்லை.

"பிள்ளை அழுகுது தங்கச்சி, ஒண்டு எடுங்களன்."

"வேண்டாம் நானா. நூல் மட்டும் தாங்கோ."

சொல்லிக்கொண்டே அம்மா மேசையில் விரிந்து கிடந்த கத்தரிப்பூ நிறச் சேலையின் கரையை இரண்டு விரலால் தடவினார். பிறகு கையை எடுத்து, நூலைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். துணியின் தரத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

எனக்குத் தீபாவளிச் சட்டை தைத்தார். விறாந்தை வாசலில் தொங்கிய பச்சைப் பூப்போட்ட கதவுச்சீலையில். உண்மையைச் சொன்னால் அது வடிவாகவே இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கையால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்த சீலை அது.

தீபாவளியன்று விடிய முழுகிவிட்டு, ஒருவருக்கும் தெரியாமல் சாமியறைக்குப் போனேன். மஞ்சளைக் குழைத்துக் கழுத்தோரத்தில் வைத்தேன். பயத்தில் கொஞ்சம் கூடிப்போயிற்று. திரும்பினால் அம்மா நிற்கிறார். பழையதைப் புதிதென்று காட்டப் பார்த்ததற்கு அடி விழும் என்று நின்றேன்.

அம்மா என் கழுத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் குந்தி, தான் உடுத்திருந்த பழைய சேலையின் முந்தானையை நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் வை."

வைத்தேன்.

காலை லோஞ்சில் வந்த மச்சாள், வாசலில் வெறுங்கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உது உங்கட கதவுச்சீலை எல்லோ?"

எனக்கு முன்னால் அம்மா பதில் சொன்னார். "ஓம் பிள்ளை. வடிவா இருக்கெல்லோ? என்ர சேலை அதைவிடப் பழசு." மஞ்சள் பட்ட முந்தானையையும் தூக்கிக் காட்டிச் சிரித்தார். மச்சாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். எனக்கு அன்று அம்மாவை நினைக்கப் பெருமையாக இருந்தது.

ஆசை விட்டுப்போன மனுசி, என் பொய்க்குத் துணையாகத்தான் மஞ்சள் வைத்துக்கொண்டார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அன்று விடிய அவருக்கும் புதுச்சேலை உடுக்க ஆசையாக இருந்திருக்கும் என்பதும், அதன் நிறம் கத்தரிப்பூ என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.