பெட்டி மட்டும் வந்த பகல்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்குக் கப்பல் வேலை. கப்பலுக்குப் போனவர் வராமல் அவருடைய டிரங்குப் பெட்டி மட்டும் வாசலுக்கு வந்தால், ஆள் போய்விட்டார் என்று பொருள். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வயதில் எனக்கே அது தெரியும்.

சித்தப்பா கப்பலில் ஃபிட்டர். சூயஸ் என்று ஓர் ஊர், பெரிய கால்வாயின் வாசலில் இருக்கிறதாம். அந்த வழியில் போகிற கப்பல் பழுதானால் காலங்காலமாக அங்கேதான் சரிசெய்வார்களாம். அவர் கப்பலும் அங்கே நிற்பதாகக் கடிதம் வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் அந்த ஊர்ப் பெயரைப் பிசகாமல் சொல்வேன்.

சித்தி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சித்தப்பாவோடு அதே கப்பலில் போன சிநேகிதர் வந்து, சித்தப்பாவின் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அவ்வளவுதான். அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். தெருப் பெண்கள் ஓடி வந்தார்கள். எதிர்வீட்டு அத்தை சித்தியின் கையைப் பிடித்துத் தரையில் மோத, வளையல் தெறித்து மீன் சட்டியில் விழுந்தது. சித்தி மட்டும் அழவில்லை.

"இன்னாம்மா பண்றீங்கோ! அவன் நல்லாத்தான் கீறான்!" என்று கத்தினார் அவர். "அங்க கப்பல் ரிப்பேர் பண்ற எடத்துலயே வேலைக்குப் பூந்துட்டான். பொட்டிய வூட்ல குட்த்துடுன்னான், எத்தாந்தேன்."

"எப்ப வர்றாராம்?" என்றாள் சித்தி.

"அத்த சொல்லல, அண்ணி."

சித்தி பெட்டியைத் திறந்தாள். மேலே அவர்களுடைய கல்யாணப் போட்டோ. அதன் கீழே அவள் அனுப்பிய கடிதங்கள், ஓர் உறைகூடப் பிரிக்காமல். அப்போதுதான் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியொரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். "எங்க சித்தப்பா சாவல! சூயஸ்ல கீறாரு!" என்று கடைசி வீடுவரை கத்தினேன். தெருமுனைக் கடைக்காரர் என் கையில் ஒரு மிட்டாய்கூடக் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் சித்தி பளாரென்று அறைந்தாள்.

"ஊருக்கே சொல்லிட்டியாடி?"

நல்ல சேதி சொன்னதற்கு யாராவது அடிப்பார்களா என்று அன்று முழுக்க அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.