சம்பந்தி வீட்டுச் சுவரில் ஒரு மாலை

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, வாழைக்காய் மண்டிக்கு எதிரில் இருக்கும் பூக்கடை கர்ணனுடையது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு நாரும் ஊசியுமாக உட்கார்ந்தவர். விடியுமுன்னே சீலையம்பட்டி மார்க்கெட்டுக்கு வண்டியை விட்டு, சம்பங்கி, ரோஸ், மல்லி என்று ஏலத்தில் எடுத்து வந்து கட்ட உட்கார்ந்தால், முகூர்த்த நாளில் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டார். அவர் கட்டிய மாலையை மாப்பிள்ளையும் பெண்ணும் மூன்று தடவை மாற்றினாலும் ஒரு இதழ் உதிராது என்று மண்டபத்துக்காரர்கள் சொல்வார்கள்.

கல்யாண மாலையைக் காயவைத்துக் கண்ணாடி மாதிரி ரெசினுக்குள் பதித்துக் கொடுக்கும் வேலை பிற்பாடு வந்து சேர்ந்தது. மகள் ஓவியா காலேஜில் படிக்கும்போது செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். மூன்றாம் நாள் முல்லையாற்றில் விடுகிற மாலையை வருசக்கணக்கில் வீட்டில் வைத்துக்கொள்ளலாமாம். கர்ணன் முதலில் சிரித்தார். பிறகு அவரே ஆளை விட்டு மதுரையிலிருந்து சிலிக்கா ஜெல்லும் ரெசினும் வரவழைத்தார். முதலில் ஊற்றியதெல்லாம் சோடா பாட்டில் மாதிரி நுரைத்துக் கிடந்தது. பஞ்சம்மாள், அவர் சம்சாரம், அதையெல்லாம் எடுத்துப்போய்க் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்தாள். ஆனாலும் மனுசன் விடவில்லை. பூவை ஒவ்வொன்றாகப் பிரித்து ஜெல்லுக்குள் புதைத்து, ஈரம் சுத்தமாக வற்றிய பிறகு எடுத்து, ரெசினை அவசரமில்லாமல் கலக்கி ஊற்றக் கற்றுக்கொண்டார்.

ஆர்டர் கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். பாதிப் பேர் திரும்பியும் போனார்கள். மல்லிகை வெள்ளையாகவே இருக்குமா என்று கேட்பார்கள். இருக்காது, டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும், ரோஸ் கறுப்படிக்கும், சம்மதமென்றால் கொடுங்கள் என்பார் கர்ணன். வேறு ஊர்க் கம்பெனிகளில் பளிச்சென்று செய்து தருகிறார்களே என்றால், அது உங்க பூ இல்லை என்று சொல்லிவிட்டு நாரைக் கிழிக்கத் தொடங்கிவிடுவார்.

ஓவியா பேங்க் வேலைக்குப் போனாள். அந்த வேலையைப் பார்த்துத்தான் கம்பத்து ஏலக்காய் வியாபாரி ஈஸ்வரபாண்டி தன் மகன் சுரேஷ்கண்ணனுக்குப் பெண் கேட்டு வந்தார். மாடி வீடு, குமுளியில் கடை. பத்திரிகையில் கர்ணன் பேருக்குக் கீழே ‘மலர் வணிகர்’ என்று போடச் சொன்னார்கள். கர்ணன் தலையாட்டினார். மாலை மட்டும் தன் கையால் கட்டித் தருகிறேனே என்று கேட்டுப் பார்த்தார். ஈஸ்வரபாண்டி சிரித்த முகத்தோடுதான் பதில் சொன்னார்.

“பொண்ணைப் பெத்தவரு மணவறைப் பக்கத்துல நிக்கணும் சம்பந்தி. மாலையும் கையுமா வந்து நின்னா, நம்ம ஆளுக பூக்காரரு எந்தப் பக்கம்னு கேப்பாக.”

மாலை திண்டுக்கல்லிலிருந்து வந்தது. கம்பியை முறுக்கிக் கட்டி, கனத்துக்காகத் தண்ணீரை அடித்திருந்தார்கள். மணவறை ஓரத்தில் பட்டு வேட்டியோடு நின்ற கர்ணனுக்கு மகள் கழுத்தைப் பார்க்கப் பார்க்க, அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டக் கை துறுதுறுத்தது.

மறுவீட்டுக்கு வந்தபோது ஓவியா தன் மாலையை ஒரு பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மாப்பிள்ளை மாலை ஆற்றுக்குப் போய்விட்டது, இதை நீங்கள் செய்து கொடுங்கள், எங்கள் வீட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்றாள். கர்ணன் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், வெகுநேரம் வெளியில் வரவில்லை.

அந்த ஆனியில் சாரல் விடாமல் அடித்தது. மேகமலைப் பக்கமிருந்து வருகிற காற்றில் உப்புக்கூட நீர்விட்டது. ஜெல்லை வாணலியில் போட்டு வறுத்து வறுத்துப் பார்த்தும் ஈரம் போகவில்லை. பாதிப் பூ பூசணம் பிடித்துவிட்டது. ஓவியா போனில் கேட்டபோது, தேறாது போலிருக்கிறது ஆத்தா என்று சொல்லிவிட்டார். அவளும் பிறகு கேட்கவில்லை.

ஆனால் கர்ணன் அதை விட்டுவிடவில்லை. தப்பிய பூக்களை ஜெல்லிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்கும்போது இதழ்களுக்கு நடுவில் மஞ்சள் அரிசி ஒட்டியிருப்பதைப் பார்த்தார். தாலி கட்டும்போது ஊரே போட்ட அட்சதை. மற்றவர்கள் மாலையென்றால் உதறித் தள்ளியிருப்பார், அழுக்கு மாதிரித் தெரிகிறதென்று ஜனங்கள் குறை சொல்வார்கள். இதில் அப்படியே விட்டார். மாலை வடிவிலேயே அடுக்கி ரெசின் ஊற்றி, தேக்குச் சட்டம் போட்டு, சுத்தி நாலு பக்கமும் மரிக்கொழுந்து வைத்து, தை மாதம் முடித்தார். அப்போது முழுகாமல் இருந்த மகளிடம் மூச்சு விடவில்லை. பேறுகாலம் முடிந்து கொண்டுபோய் விடும் அன்று, அந்த வீட்டுச் சுவரில் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். மாலை கட்டத்தான் விடவில்லை, இதையாவது அந்த வீட்டில் வைத்துவிட வேண்டும். பஞ்சம்மாளுக்கு மட்டும் தெரியும்.

வைகாசியில் தேனி ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். கர்ணன் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த ஆட்களுக்கெல்லாம், ஆட்டோக்காரர் உட்பட, லட்டு கொடுத்தார். ரெசின் வாடை பிள்ளைக்கு ஆகாதென்று வந்த ஆர்டரையெல்லாம் வேண்டாமென்று திருப்பினார். மார்க்கெட்டிலிருந்து வந்து எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவினால்தான் பஞ்சம்மாள் பிள்ளையைத் தொட விடுவாள். அந்தச் சின்ன விரல்கள் அவருடைய பெருவிரலைப் பிடித்துக்கொண்டால், கடையில் ஆள் காத்திருப்பது மறந்துபோகும். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்ததாக அவர் சொல்வார். இந்த வயசில் எந்தப் பிள்ளையும் காற்றைப் பார்த்துத்தான் சிரிக்கும் என்பாள் பஞ்சம்மாள். அந்தக் காத்து நாந்தான்டி என்பார்.

ஆவணி பிறந்ததும் நாள் குறித்தார்கள். சுரேஷ்கண்ணன் டிரைவரோடு காரைக் கொண்டுவந்தான். தொட்டில், வெள்ளிக் கொலுசு, பாத்திரம் எல்லாம் ஏறின. பழைய சேலையில் சுற்றிய சட்டத்தைக் கர்ணன் கடைசியாக டிக்கியில் வைத்தார். கண்ணாடியா மாமா என்று மாப்பிள்ளை கேட்டான். அப்படித்தான் என்றார்.

கம்பத்தில் ஆரத்தி எடுத்து உள்ளே விட்டார்கள். ஹாலுக்குள் கால் வைத்த கர்ணன் அங்கேயே நின்றார். எதிர்ச் சுவரில், டியூப் லைட்டுக்கு நேர் கீழே, தங்கக் கலர் சட்டத்துக்குள் ஒரு மாலை. மல்லிகை அன்றைக்குப் பறித்த வெள்ளை. கீழே ஓவியா பேரும் சுரேஷ்கண்ணன் பேரும் கல்யாணத் தேதியும் ஆங்கிலத்தில் மின்னின. சட்டத்தின் மேல் ஒரு சந்தனப் பொட்டு.

அடுப்படிப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் ஓவியா அவரைக் கூட்டிப் போனாள்.

“அப்பா, நான் சொல்லியிருக்கணும். அவரு எனக்குத் தெரியாம செய்யணும்னு ஒரு கம்பெனில கேட்டிருக்காரு. பழைய மாலை ஆகாது, போட்டோ அனுப்புங்க, அதே மாதிரி பண்ணித் தர்றோம்னு சொல்லிட்டாக. அத்தைகிட்ட எங்க மாலைதான்னு சொல்லிட்டாரு. அத்தை தெனம் அதுக்குச் சூடம் காட்டுறாகப்பா. சொந்தத்துல ஒரு ஆள் விடாமச் சொல்லிட்டாக. நீங்க ஒண்ணும் சொல்லிராதீக.”

கர்ணன் ஹால் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, “டிக்கில இருக்குத்தா, உன் மாலை” என்றார்.

அவள் முகம் வெளுத்தது. “தேறலைன்னு சொன்னீகளே.”

“தேத்திட்டேன்.”

ஓவியா சேலை முந்தானையை முறுக்கினாள். “இப்ப வேணாம்ப்பா” என்றாள்.

ஹாலில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பிள்ளை கை மாறி மாறிப் போய் வீறிட்டது. கர்ணன் வாங்கித் தோளில் போட்டதும் அடங்கிவிட்டது. அட, தாத்தாவுக்குத்தான் கட்டுப்படுது என்று யாரோ சொன்னார்கள். கர்ணனுக்கு அந்த நேரத்திலும் உள்ளுக்குள் குளிர்ந்தது.

ஈஸ்வரபாண்டி சோபாவில் சாய்ந்துகொண்டு சுவரைக் காட்டினார்.

“சம்பந்தி, நீங்க இந்தத் தொழில்ல இருக்கிறவரு. சும்மா நமக்காகச் சொல்லாதீக, பாத்துச் சொல்லுங்க. கம்பெனிக்காரன் ஒழுங்காப் பண்ணியிருக்கானா, ஏமாத்திட்டானா?”

கர்ணன் பிள்ளையோடு சுவர்ப் பக்கம் போனார். பக்கத்தில் போக வேண்டிய தேவைகூட இல்லை. திண்டுக்கல் மாலையில் ரோஸ் இதழை மடித்து மடித்துக் கட்டியிருந்தார்கள். இதில் முழு ரோஸ், அதுவும் பெங்களூர் ரோஸ். ஒரு இதழ்கூட நசுங்கவில்லை. ஒரு அட்சதைகூட இல்லை. யார் கழுத்திலும் கிடக்காத மாலை அது. சுரேஷ்கண்ணன் செல்போனைத் தடவிக்கொண்டு நின்றான். ஓவியா கதவோரத்தில் இருந்தாள். மாமியார் ஜோதிலட்சுமி, பாவம், பள்ளிக்கூடப் பிள்ளை பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பது மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். பிள்ளை அவர் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது.

“நல்லாயிருக்கு” என்றார்.

“மாலை அதேதான?” என்றார் ஈஸ்வரபாண்டி.

“அதேதான்.”

ஜோதிலட்சுமிக்கு முகமெல்லாம் பல். அண்ணன் வாயாலேயே வந்துவிட்டது, இனி எவளும் பேச முடியாது என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். யாரோ முன்னமே சந்தேகம் கிளப்பியிருப்பார்கள் போல.

அந்த நேரம் பார்த்து டிரைவர் தொட்டிலோடு சேர்த்துச் சேலைப் பொதியையும் தூக்கிக்கொண்டு வந்து நடு ஹாலில் வைத்தான். இது என்ன சீர் மதினி என்று கேட்டுக்கொண்டே ஜோதிலட்சுமி முடிச்சை அவிழ்த்துவிட்டாள். பஞ்சம்மாள் எழுந்திருக்கப் போனாள். கர்ணன் அவளைப் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தாள்.

“அது சீரு இல்ல தங்கச்சி. ஒரு கஸ்டமரது. உத்தமபாளையத்துல எறக்கணும்னு எடுத்தாந்தேன்.”

ஜோதிலட்சுமி சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“யாரு வீட்டு மாலைண்ணே இது, இப்படிக் கறுத்துக் கெடக்கு. அரிசி வேற ஒட்டியிருக்கு. தொடைச்சுக் குடுக்கக் கூடாதா?”

“அவுக அப்படித்தான் கேட்டாக.”

“காஞ்ச சருகை வீட்ல மாட்டப் போறாகளாக்கும்.”

ஈஸ்வரபாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மனசோடுதான் சொன்னார், நீங்களும் அந்தக் கம்பெனியில் போய் ஒரு வாரம் பழகிக்கொண்டு வந்தால் என்ன சம்பந்தி, நம்பர் உங்க மாப்பிள்ளையிடம் இருக்கிறது என்று. ஹாலில் நாலு பேர் சிரித்தார்கள். சுரேஷ்கண்ணன் சட்டத்தைப் பார்த்தான். அந்த மாலையை அவன் கையால்தான் அவள் கழுத்தில் போட்டான். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அவன் காது சிவந்ததில் தெரிந்தது. ஆனால் செல்போனைத் திரும்பத் தடவ ஆரம்பித்தான். ஓவியா உள்ளே போய்விட்டாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு மாலை கட்ட மட்டுந்தான் வரும் மதினி. மத்ததெல்லாம் வராது” என்றாள் பஞ்சம்மாள். சொல்லிக்கொண்டே சட்டத்தை வாங்கிச் சேலையில் சுற்றினாள். முடிச்சு இறுகி விழுந்தது.

சாப்பாடு முடிந்தது. கிளம்பும்போது ஈஸ்வரபாண்டி கர்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, இது இனி உங்க வீடு, மாசம் ஒரு தடவை பிள்ளையைப் பார்க்க வந்துபோக வேண்டும், நான் சொன்னால் சொன்னதுதான் என்றார். கர்ணன் பேத்தியின் உள்ளங்காலை மோந்து பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். ஓவியா பிள்ளையையே பார்த்தபடி வாங்கினாள்.

கேட்டுக்கு வெளியே சுரேஷ்கண்ணன் பின்னாலேயே வந்தான்.

“மாமா, அதக் குடுத்துட்டுப் போங்க. மாடில எங்க பீரோக்குள்ள வச்சுக்கிறோம். அம்மா அங்கன வர மாட்டாக.”

கர்ணன் பொதியை இன்னொரு கைக்கு மாற்றினார்.

“கஸ்டமரதுன்னு அத்தனை பேரு முன்னால சொல்லிட்டேனே மாப்ள. கஸ்டமர் பொருளை எப்படி உங்களுக்குக் குடுக்கிறது.”

 ரோட்டில் தேனி பஸ் வந்தது. கர்ணனும் பஞ்சம்மாளும் ஏறினார்கள்.

பஸ்ஸில் கூட்டம். உத்தமபாளையம் தாண்டும் வரை பஞ்சம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலத்தில் பஸ் ஏறும்போது திரும்பினாள்.

“நல்லாயிருக்குன்னு சொன்னதுகூடப் போகட்டும். அதேதான்னு சொல்ல உங்களுக்கு எப்படிங்க வாய் வந்துச்சு?”

“புள்ள தோள்ல கெடந்துச்சு பஞ்சு” என்றார் கர்ணன். “காலரைப் பிடிச்சிருந்துச்சு.”

அவள் அவர் மடியிலிருந்த பொதியின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். சின்னமனூர் வயல் தெரிய ஆரம்பித்ததும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

“அடுத்த மாசம் போகையில அந்தச் சுவரைப் பாத்து உக்காராதீக” என்றாள். “புள்ளையத் தூக்கிக்கிட்டு வாசப் பக்கம் வந்துருங்க.”