மரணக் காட்சிக்குக் காவல்

1994 மே 11, புதன்கிழமை, ராத்திரி ஏழு மணி நாற்பது நிமிடம். பகலெல்லாம் வெக்கை, பொழுது அடைந்ததும் நான்கு தூறல் போட்டுப் புழுக்கத்தைக் கிளப்பிவிட்டு நின்றிருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா, இரண்டாம் நாள். நான் மேடையின் இடது பக்கப் படியை மறித்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலி வேறு.

உட்கார வைத்தவன் என் மைத்துனன். தாலுகா ஆபீஸ் வேலை. கொடைக்குக் கொடை நாடகத்தில் ராஜா வேஷம். எங்கள் பக்கத்தில் நடிப்பு பிடித்துவிட்டால், பார்ப்பவர் மேடையேறி நடிகரின் உடையில் ரூபாய் நோட்டை ஊக்கால் குத்துவார். வசனம் நிற்கும். இன்னார் இவ்வளவு அன்பளிப்பு என்று மைக்கில் அறிவிப்பார்கள். நடிகர் கும்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். போன வருஷம் இவன் விஷம் குடித்துச் சாகையில் ஆறு பேர் ஏறினார்கள். ஆறு தடவையும் எழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பச் செத்தான். ஜனம் சிரித்துவிட்டது. இந்த வருஷம் அந்தக் காட்சியை மட்டுமாவது முழுசாக நடித்துவிட வேண்டும் என்று ஒத்திகை நாளெல்லாம் அதே புலம்பல். அதற்குத்தான் நான் காவல்.

முன்திரை விலகியது. பின்னால் தர்பார் படுதா. இரு பக்கமும் தூண் வரைந்த தட்டிகள். தட்டி மறைவில் வசனம் எடுத்துக்கொடுப்பவர். மைத்துனன் விஷக் கிண்ணத்தைத் தொட்டதுமே ஐந்து பேர் படிக்கு வந்துவிட்டார்கள். காட்சி முடியட்டும் என்று கெஞ்சி நான்கு பேரைத் திருப்பினேன். ஐந்தாமவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. கையில் நூற்றியொரு ரூபாய்.

"நான் குடுக்கதை ஊரு பாக்கண்டாமா சார்வாள்? இல்லைன்னா அது என் பையிலயே கெடக்கட்டும்."

கிடக்கட்டும் என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

மைத்துனன் ஒரே தடவையில் செத்தான். நன்றாகவே செத்தான். யாரும் இருமக்கூட இல்லை. கிண்ணம் உருண்டு ஆர்மோனியக்காரர் காலடியில் நின்ற சத்தம் எனக்குக் கேட்டது.

உள்ளே போனேன். கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு படுதாப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். முகத்து ரோஸ் பவுடர் வியர்வையில் வழிந்தது. அங்கியின் மார்பைத் தடவிப் பார்த்தான்.

"ஒரு ஊக்குகூட ஏறல்ல பாத்தியளா அத்தான். போன வருஷம் மாதிரி அமையல்ல போல."

ஐந்து பேரை மறித்தேனே என்றேன்.

"மனசுக்குப் பிடிச்சு வாரவன் நீங்க மறிச்சா நிப்பானா?"

படிக்கே திரும்பினேன். அடுத்த காட்சியில் பபூன் வந்தான். திருப்பி அனுப்பிய நான்கு பேரும் ஏறி அவன் சட்டையில் குத்தினார்கள். அண்ணாச்சி எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்.

மங்களம் பாட எல்லா நடிகரும் வரிசையில் நின்றபோது, நான் மறித்த படியில் நானே ஏறினேன். ராஜாவின் அங்கியில் குத்தினேன். மைக்கில் சொன்னார்கள். யாரோ எவரோ போல என்னைக் கும்பிட்டான்; முகம் மலர்ந்துவிட்டது.

நோட்டு நூற்றியொரு ரூபாய், தெருமுக்குக் கடையில் வாங்கிய ஊக்கு இருபத்தைந்து பைசா. ஆக, நூற்றியொரு ரூபாய் இருபத்தைந்து பைசா.