மஞ்சாடி ஜாடி

எங்கள் பக்கத்தில் குறும்பு தாங்காத பிள்ளைகளைக் குருவாயூருக்குக் கூட்டிப்போய், வெண்கல உருளியில் கிடக்கும் மஞ்சாடி விதைகளை இரண்டு கையாலும் வாரவிடுவார்கள். வாரினால் அடங்கிவிடுமாம். டீச்சர் வேலை பார்க்கிறவள் இதையெல்லாம் நம்பக்கூடாது. ஆனாலும் கொச்சி மட்டாஞ்சேரிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு மலையாளம் மீடியம் பிள்ளைகள் என் தொண்டைத்தண்ணீரை வற்றவைத்தபோது, பள்ளுருத்தியில் என் வீட்டு மரத்தடியில் பொறுக்கிய அந்தச் சிவப்பு விதைகளைத்தான் பையில் கட்டிக்கொண்டு போனேன்.

ஊறுகாய் தீர்ந்த கண்ணாடி ஜாடி ஒன்றை மேசைமேல் வைத்தேன். எவ்வளவு கழுவியும் மாங்காய் வாசனை போகவில்லை. நல்லபடி நடந்துகொள்ளும் பிள்ளை ஒரு மஞ்சாடியை எடுத்து அதில் போடலாம். ஆளுக்கொரு கணக்கெல்லாம் கிடையாது. ஜாடி எல்லோருக்கும் பொது. நிறைந்தால் எல்லோரும் போட்டில் போவோம்.

எங்கள் படகுத்துறைக்கு வந்துபோகும் ஏ.சி. போட். வகுப்பு ஜன்னலில் தினமும் தெரியும், என் பிள்ளைகளில் ஏறியவர் ஒருவருமில்லை. கூட்டிப்போவதாக வாக்கு கொடுத்தது ஹெட்மிஸ்ட்ரஸ். அவரும் என்னைப்போலத் தமிழ் வீட்டுக்காரர், பாலக்காட்டிலிருந்து வந்தவர். ஸ்டாஃப் ரூமில் மற்றவர்களுக்கு முழுக்கப் புரியாமல் வம்பு பேச எங்களுக்கென்று ஒரு வேகத் தமிழ் இருந்தது. என் டிபன் பாக்ஸைக் கேட்காமலே திறந்து சாப்பிடும் உரிமை அவருக்கு மட்டும்தான். அவரே வகுப்புக்கு வந்து, ஜாடியின் மேல் கைவைத்து, பிள்ளைகளிடம் சொன்னார்.

அதற்கப்புறம் என் வகுப்புக்கு என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. மசாலாக் கிடங்கில் மூட்டை தூக்கும் தேனிக்காரர் ஒருவரின் மகள் என் வகுப்பில் இருந்தாள். காலில் சக்கரம் கட்டிய பெண். அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்காரப் பழகினாள். போகும்போதெல்லாம் ஜாடியை எட்டிப் பார்ப்பாள்.

"டீச்சரே, இன்னும் கொறச்சுதானே வேணும்?"

ஜாடி நிறைந்த வெள்ளிக்கிழமை, மூடியை அவளையே மூடச் சொன்னேன். எல்லோரும் சத்தம் போடாமல் துள்ளினார்கள். அப்படியும் துள்ள முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் எனக்குத் திருப்பூணித்துறையில் ஆசிரியர் பயிற்சி. "நீயே போயிட்டு வா, வேற யாரும் ஒழுங்கா கவனிக்க மாட்டாங்க" என்று அனுப்பியதும் ஹெட்மிஸ்ட்ரஸ்தான். மதியம் சாப்பிடும்போது பள்ளியின் வாட்ஸப் குரூப்பில் ஒரு படம் வந்தது. போட்டுக்குள் எங்கள் பள்ளியின் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள், இஸ்திரி கலையாத யூனிஃபார்மில். நடுவில் ஹெட்மிஸ்ட்ரஸ். அவர் கையில் என் ஜாடி. நல்ல நடத்தைக்குப் பரிசு என்று கீழே எழுதியிருந்தது.

டிபன் பாக்ஸை மூடிவைத்தேன். வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். ஆத்திரம்தான்.

திங்கட்கிழமை அவர் அறைக்குப் போய் நின்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ வருத்தப்படாதே. அட்மிஷன் கொறஞ்சுட்டே போகுது. இந்த மாதிரி ஃபோட்டோ பார்த்துதான் அடுத்த வருஷம் ஆள் வரும். பிள்ளைங்க இல்லாம ஒரு டிவிஷனை மூடிட்டாங்கன்னா, மொதல்ல போறது உன் வேலைதான். உனக்காகத்தானே செஞ்சேன்?"

"அப்போ என் பிள்ளைங்களையே கூட்டிட்டுப் போயிருக்கலாமே டீச்சர்?"

"அதுங்களை ஃபோட்டோல போட்டா யாருடி வந்து சேர்ப்பா?"

வெளியே நின்றவர்களுக்குப் புரியக்கூடாதென்று அதையும் எங்கள் வேகத் தமிழில்தான் சொன்னார். இத்தனை வருஷம் சிரித்துச் சிரித்துப் பேசிய பேச்சு அது. என் முதுகில் குத்தியதுமில்லாமல், எனக்காகக் குத்தியதாகவும் சொல்கிறார். அலமாரிமேல் இருந்த ஜாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எல்லா வீட்டிலும் போன் இருக்கிறது. பிள்ளைகள் படத்தைப் பார்த்தாயிற்று. ஒருவராவது அழுவார்கள், சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் கைகட்டி ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். என்னையும்தான் ஏமாற்றிவிட்டார்கள் என்றேன். ஜாடியைக் காலி செய்து, மறுபடி நிரப்புவோம், இந்தத் தடவை நானே கூட்டிப்போகிறேன் என்றேன். விருந்தாளிகள் பேச்சுக்குத் தலையாட்டுவதுபோல எல்லோரும் ஆட்டினார்கள்.

அன்று மதியம் முழுக்க அந்தத் தேனிக்காரர் மகள் இடத்தைவிட்டு அசையவில்லை. பாடம் முடிந்ததும் ஒரு மஞ்சாடியை எடுத்து அவளிடம் நீட்டினேன். தொடைக்கடியிலிருந்து கை வெளியே வரவேயில்லை.

"வேணாம் டீச்சரே. நான் சும்மாவே அடங்கி இருந்துக்கறேன்."