பாரம் ஏற்றாத ட்ரே

முப்பத்தெட்டு வருடம் பிறர் வீட்டுக் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டியவர் அவர். ஒட்டிய ஒவ்வொன்றையும் பூச்சுக் கரண்டியின் பிடியால் தட்டிப் பார்ப்பார். பின்னால் பசை இல்லாத இடம் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் டொக்டொக். அவர் இறந்தபோது ஒட்டிய அறிவிப்பிலும் அந்தப் பெயரைப் போட்ட பிறகுதான் பலருக்கு ஆள் யாரென்று தெரிந்தது. கடைசியாக அவர் செய்தது சொந்த வீட்டுக் குளியலறை.

மனைவிக்கு இடுப்பெலும்பு உடைந்து அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. பழைய குளியல் தொட்டிக்குள் இனி அவளால் காலைத் தூக்கி வைக்க முடியாது. தொட்டியைப் பெயர்த்துவிட்டு, ஏறி நின்று குளிக்க, நாலு விரல் உயரமே உள்ள தட்டையான ஷவர் ட்ரேயைப் பலகைமேல் பதித்தார். சுற்றியுள்ள மூன்று சுவருக்கும் தண்ணீர் இறங்காத பூச்சு இரண்டு முறை, அதன்மேல் டைல்ஸ். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மருத்துவமனை நர்ஸ் வந்து, குளியலறை அவளுக்கு ஏற்றதா என்று தண்ணீர் ஓட விட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மனைவி வீட்டுக்கு வரலாம். இல்லாவிட்டால், நர்ஸ் மறுபடி வரும் செவ்வாய்வரை முதியோர் காப்பகம். மனைவியின் அக்கா இரண்டே வாரத்துக்கென்று அப்படியொரு காப்பகத்துக்குப் போனவள். திரும்பி வரவில்லை.

"என்னை அங்க மட்டும் விட்றாதீங்க" என்று மனைவி அவர் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

வியாழன் காலை பத்து மணிக்கு, டைலுக்கும் ட்ரேக்கும் நடுவே விட்ட இடைவெளியில், தண்ணீர் புகாமல் அடைக்கும் சிலிக்கான் பசை பூச உட்கார்ந்தார். ஆள் ஏறினால் ட்ரே மயிரிழை அளவு கீழே இறங்கும். ஆகவே பாரம் ஏற்றி, இடைவெளி விரிந்து நிற்கும்போது பூச வேண்டும். பாரத்தோடே காய விட வேண்டும். காலி ட்ரேயில் பூசியவர்களை அவர் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து மருத்துவமனையிலிருந்து போன். எந்தத் துணி, எந்தச் செருப்பு, எத்தனை மணிக்கு என்று ஆயிரம் கேள்வி. பதில் சொல்லிக்கொண்டே கை தன்பாட்டில் காலி ட்ரேயிலேயே பூசி முடித்துவிட்டது.

மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் துடைக்க ட்ரேக்குள் கால் வைத்தார். பின்மூலையில் சிலிக்கான் டைலை விட்டு விலகி, அரைக்கண் திறந்ததுபோல் ஒரு கீற்று தெரிந்தது.

மகள் கட்டடப் பொறியாளர். குனிந்து பார்த்தாள்.

"அரை மில்லிமீட்டர் இருக்கும். விடுங்கப்பா. நாளைக்கு நர்ஸ் ரெண்டு நிமிஷம் தண்ணி விடுவாங்க, அவ்ளோதான். அம்மா வந்தப்புறம் பிரிச்சுப் பூசிக்கலாம்."

"ரெண்டு நிமிஷத் தண்ணி உள்ள போனா வெளிய வராது. கீழ பலகை. ஊறும். ஆறு மாசம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் ஒருநாள் உங்கம்மா நிக்கறப்ப இறங்கும். உடைஞ்ச எலும்பு ஒண்ணு போதாதா?"

"இப்பப் பிரிச்சா நாளைக்குப் பதினொண்ணுக்குக் காயாது. இருபத்துநாலு மணி நேரம்னு டியூப்லயே போட்டிருக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியும்."

பிளேடை எடுத்து முழுவதையும் அறுத்தெறிந்தார். மகள் அதற்குமேல் வாதாடவில்லை, கணக்குப் போட்டாள். குளிக்க உட்காருபவரும் பின்னால் நின்று பிடித்துக்கொள்பவரும் சேர்ந்து நூற்று முப்பத்தைந்து கிலோ, அவ்வளவு பாரம் ஏற்ற வேண்டும். நாலு பக்கெட் தண்ணீர், மீந்த பசை மூட்டை இரண்டு. போதவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரி தன் பழைய இரும்புத் தையல் மெஷின்கள் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள்.

"ஏன் மாமா, குளிக்கப்போறது அக்காவா, என் மெஷினா?"

அவர் சிரிக்கவில்லை. பக்கெட்டுகளுக்கு மேலே குனிந்து பூசி முடித்தபோது மணி மூன்று.

வெள்ளிக்கிழமை நர்ஸ் சரியாகப் பதினொன்றுக்கு வந்தாள்.

"என்ன ஐயா இது, குளிக்கற இடமா, தையல் கடையா?"

"மூணு மணி வரைக்கும் கடைதான் சிஸ்டர். அப்புறமா வர முடியுமா?"

"எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு. இதையெல்லாம் எடுத்துட்டுக் கொஞ்சம் தண்ணி விட்டுக் காட்டுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

மகள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பின்மூலையை விரலால் தொட்டார். மேல்தோல் இறுகியிருந்தது. லேசாக அழுத்தினார், உள்ளே அமுங்கியது. கை குழாய்வரை போய் அங்கேயே நின்றது. நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தயாராகலன்னு எழுதிக்கோங்க சிஸ்டர்."

மனைவிக்கு அவரே போன் செய்தார். மகளைச் சொல்ல விடவில்லை.

"செவ்வாய்க்கிழமையா?" என்றாள் மனைவி.

"ஆமா. பூசறப்பத் தப்புப் பண்ணிட்டேன்."

"நீங்களா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

மனைவியைச் சேர்த்த காப்பகத்தில் தினமும் கதவு திறக்கும்போது உள்ளே போய், சாத்தும்போது வெளியே வந்தார். முதல் இரண்டு நாளும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். காய்ச்சல் வேறு. மகள் மருத்துவரிடம் ஓடினாள். அவர் அசையாமல் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

"சோத்துல உப்பில்ல. பேச ஆளில்ல. இருக்கற ஒரு மனுஷனும் பிடிச்சுவச்ச மண்ணு மாதிரி உக்காந்திருந்தா எப்படி?" என்றாள். அதைக் கேட்டு அவர் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்து விழுந்தது. புதன்கிழமை காலை ட்ரேயில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, பின்னால் ஏறி நின்று அவள் தோளைப் பிடித்தார். ட்ரே மயிரிழை இறங்கியது. மகள் வெளியே நின்றபடி குழாயைத் திருப்பினாள். தண்ணீர் சுவரில் அடித்து வழிந்தது. அவர் ஒரு கையை எடுத்துக்கொண்டு பின்மூலைப் பக்கம் குனிந்தார்.

"என்னங்க, சுவத்தை அப்புறம் பாருங்க. என்னைப் பிடிங்க. பயமா இருக்கு."

பிடித்துக்கொண்டார்.